புனித யோசப் வாஸ் அடிகளார்: விசுவாசத்தைச் செயலாக்கிய சீடர்

க.பொ.த. (சாதாரண தரம்) – கத்தோலிக்க சமயம்

1. அறிமுகம்

கிறிஸ்துவைப் பின்பற்றுவது என்பது செபிப்பதோடும் திருப்பலியில் பங்குபற்றுவதோடும் முடிந்துவிடுவதில்லை. அன்றாட வாழ்வில், அதுவும் ஆபத்தும் இழப்பும் நேரும் வேளைகளில், விசுவாசத்தைச் செயலில் காட்டுவதே உண்மையான சீடத்துவம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார். அவருடைய பணியின் அருமையை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், முதலில் அன்றைய மன்னார்க் கரையோரத்தின் நிலையை அறிதல் வேண்டும்.

2. மன்னாரில் திருச்சபை – பின்னணி

16ஆம் நூற்றாண்டில் மன்னார் மக்கள் கிறிஸ்தவத்தைத் தழுவ விரும்பிப் புனித பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தனர். அவரால் வர இயலாமையால் தமது சார்பில் ஒரு குருவை அனுப்பினார். இவ்வாறு திருமுழுக்குப் பெற்றவர்களுள் ஏறத்தாழ 600 பேர் 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். இவர்களே மன்னார் மறைசாட்சிகள் ஆவர்.

1560இல் மன்னார்த் தீவு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். ஆலயங்களைத் தம்வசமாக்கினர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை எனவும் 1658இல் கட்டளை பிறப்பித்தனர்.

குருக்கள் இல்லாத நிலையிலும் மக்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை. இரகசியமாகக் கூடிச் செபித்தனர். மாந்தையில் வாழ்ந்த 20 குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தாங்கள் வணங்கிய அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுள் சென்று மருதமடுவில் குடியேறினர் என்பது மரபு. இன்றைய மடுத் திருத்தலத்தின் தொடக்கம் இதுவே. எனினும் திருப்பலி, பாவசங்கீர்த்தனம், நோயிற்பூசுதல் என்பவற்றை நிறைவேற்ற ஒரு குருவும் இல்லை. இந்நிலை ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடித்தது.

3. பிறப்பும் இளமையும்

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய குடும்பம் கொங்கணி மொழி பேசும் கத்தோலிக்க பிராமணக் குடும்பமாகும். கோவாவில் உயர்கல்வி கற்று, 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். குருவானதும் ஏழைகளைப் போலத் தாமும் பாதணியின்றி நடக்கத் தொடங்கினார். 1677இல் தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார்.

1681 முதல் 1684 வரை கன்னடக் கரையோரத்தில் மறைப்பணியாற்றினார். 1685இல் கோவாவின் உள்ளூர்க் குருக்கள் அமைத்திருந்த குழுவில் இணைந்தார். அது புனித பிலிப் நேரியாரின் ஒறட்டோரிய சபையாக உருவாகியது. அடிகளார் அதன் தலைவரானார்.

4. இலங்கைக்கு வருகை (1687)

குருக்களில்லாமல் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்ற அடிகளார், அவர்களிடம் செல்லத் தீர்மானித்தார். ஐரோப்பியக் குருவொருவர் வந்தால் ஒல்லாந்தர் இலகுவில் அடையாளம் கண்டுவிடுவர். ஓர் இந்தியர் மக்களோடு மக்களாகக் கலந்துவிடலாம். எனவே பிராமண குலத்தில் பிறந்த அவர், மதிப்பையும் பதவியையும் விடுத்துக் கூலியாளின் உடை தரித்து, யோவான் என்னும் பணியாளோடு தூத்துக்குடியில் கப்பலேறினார். மன்னார் வளைகுடாவைக் கடக்கும் அப்பயணம் துன்பம் நிறைந்ததாக இருந்தது.

யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடும் வயிற்றோட்டத்தால் உயிருக்குப் போராடினார். இரக்கமுள்ள பெண்ணொருவர் கொடுத்த கஞ்சியே அவரைத் தேற்றியது எனக் கூறப்படுகிறது. உடல் தேறியபின் கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார்.

5. மறைந்து வாழ்ந்த பணி

சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவிலே திருப்பலி ஒப்புக்கொடுத்தார். விடிவதற்குள் வேறிடம் சென்றார். இங்கே மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிகளார் பிடிபட்டால் அவருக்கு மட்டுமன்றி, அவருக்கு இடமளித்த குடும்பத்திற்கும் ஆபத்து நேரும். அதை அறிந்தும் மக்கள் கதவைத் திறந்தனர். ஆகவே சீடத்துவம் அடிகளாரிடம் மட்டுமல்ல, பெயர் தெரியாத அந்தக் குடும்பங்களிடமும் விளங்கியது.

1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் செபத்திற்குக் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் கைதுசெய்து துன்புறுத்தினர். அடிகளார் அகப்படவில்லை. தம்மைத் தேடும் முயற்சி தீவிரமடைந்ததால், 1690இல் ஒல்லாந்தர் ஆட்சிக்கு அப்பாற்பட்டுக் கண்டி இராச்சியத்தின்கீழ் இருந்த புத்தளத்திற்குச் சென்றார். வட கரையோர மக்களை அவர் மறக்கவில்லை. மன்னார், மாந்தை, வன்னிப் பகுதிகளும் அவருடைய பணிப்பரப்பில் அடங்கின.

6. கண்டியில் சிறைவாசம்

1692இல் கண்டிக்குச் சென்றார். அங்கிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் அவரைப் போர்த்துக்கேயரின் உளவாளி எனக் குற்றஞ்சாட்டியதால் சிறைப்படுத்தப்பட்டார். அடிகளார் சிறையையும் பணிக்களமாக்கினார். சிங்கள மொழியைக் கற்றார். சிறை வளவிலே ஓலைக் கொட்டிலொன்றை அமைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். குற்றமற்றவர் என்பது தெளிவானபின் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரமளித்தான்.

7. அம்மை நோயும் அன்புப் பணியும் (1697)

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதி படைத்தோர் நகரை விட்டு அகன்றனர். தொற்றுக்கு அஞ்சி நோயாளரை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அக்காலத்தில் இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. நோயாளரை அணுகுவோர் உயிரைப் பணயம் வைத்தே அணுகவேண்டும்.

அடிகளாரும் அவருடைய மருமகன் முறையான கர்வாலோ அடிகளாரும் நகரை விட்டுச் செல்லவில்லை. கொட்டில்கள் அமைத்து நோயாளரை அங்கே சேர்த்தனர். உணவூட்டினர். புண்களைக் கழுவினர். இறந்தோரைத் தம் கைகளால் அடக்கம் செய்தனர். கத்தோலிக்கர், பௌத்தர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. போதனைகளால் மட்டும் பெறமுடியாத நன்மதிப்பை இப்பணி பெற்றுக்கொடுத்தது. நாடெங்கும் சென்று பணியாற்ற மன்னன் அனுமதியளித்தான்.

8. திருச்சபையைக் கட்டியெழுப்புதல்

• கொச்சி ஆயர் இவரை இலங்கையின் குருமுதல்வராக நியமித்தார்.
• கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றிக் கத்தோலிக்க இலக்கியத்திற்கு அடித்தளமிட்டார்.
• நாடு எட்டு மறைப்பணிப் பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரு பொறுப்பாக்கப்பட்டார்.
• தமக்கு அளிக்க முன்வந்த ஆயர் பதவியை அடிகளார் ஏற்கவில்லை.

9. மரணமும் புனிதர் நிலையும்

கடும் உழைப்பால் உடல் தளர்ந்த அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில், தமது 59ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 24 ஆண்டுகள் இலங்கையில் பணியாற்றிய அவர் தம் சொந்த ஊருக்குத் திரும்பவேயில்லை.

1995 ஜனவரி 21ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் இவருக்கு முத்திப்பேறு நிலை வழங்கினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அதே திடலில் இவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுத் திருத்தலத்திற்கும் சென்று செபித்தார். இவருடைய திருவிழா ஜனவரி 16 ஆகும்.

10. நாம் கற்கும் பாடங்கள்

(அ) தன்னலம் துறத்தல்: குலப்பெருமையையும் பதவியையும் விட்டுக் கூலியாளாக வந்தார். நாமும் சாதி, வசதி பாராது அனைவரோடும் பழகவேண்டும்.

(ஆ) துணிவும் விவேகமும்: ஆபத்தைக் கண்டு ஓடவில்லை. அதேவேளை பிறரை வீணாக ஆபத்தில் தள்ளவுமில்லை.

(இ) மொழியைக் கற்றல்: தமிழையும் சிங்களத்தையும் கற்று மக்களின் மொழியிலேயே பணியாற்றினார். சகோதர மொழியைக் கற்பதும் அன்பின் செயலே.

(ஈ) வேறுபாடற்ற சேவை: கடலுக்குச் சென்று திரும்பாத மீனவரின் குடும்பம், தனிமையில் வாடும் முதியவர், பாடசாலைக்கு ஒழுங்காக வரமுடியாத வகுப்புத் தோழன் ஆகியோரே இன்று நம் கண்முன் இருக்கும் நோயாளர். அவர்கள் எச்சமயத்தவராயினும் நம் அயலவரே.

பரீட்சைக் குறிப்பு: சீடத்துவம் பற்றிய கட்டுரை வினாவுக்கு விடை எழுதும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். ஒரு நிகழ்வு, அதில் வெளிப்படும் பண்பு, இன்றைய வாழ்வில் அதன் பிரயோகம் என்ற ஒழுங்கில் எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஒல்லாந்தர் காலத்தில் மன்னார்க் கத்தோலிக்கர் எதிர்நோக்கிய இரண்டு இடர்களைக் குறிப்பிடுக.
2. யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்தமைக்கான காரணம் யாது?
3. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரை அவர் எவ்வாறு இனங்கண்டார்?
4. 1697ஆம் ஆண்டின் அம்மை நோய்க் காலப் பணி அவருடைய மறைப்பணிக்கு எவ்வாறு உதவியது என விளக்குக.
5. உமது ஊரில் அடிகளாரின் முன்மாதிரியைப் பின்பற்றி நீர் செய்யக்கூடிய மூன்று செயல்களைக் காரணத்துடன் எழுதுக.