ஜிம்மி ஜார்ஜும் ஒன்பது சென்ட் நிலமும்

தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென் தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தபோது இடையில் ஒரு மாநில எல்லை வந்தது. விளையாட்டு அந்த எல்லையை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. தேநீர்க் கடைகளில் மலையாள நாளிதழ்களும் தமிழ் நாளிதழ்களும் அருகருகே கிடந்தன. எங்கள் ஊர் இளைஞர்கள் முதலில் புரட்டியது மலையாள நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை. காரணம், கைப்பந்து. அந்த ஆட்டத்தின் நாயகன், வடகேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ்.

இன்றைய தலைமுறையில் பலர் அந்தப் பெயரைத் திருவனந்தபுரத்திலுள்ள ஓர் உள்ளரங்கின் பெயராகவே அறிவார்கள். அவர் யார், எப்படி உருவானார் என்பதை அறிந்தால்தான் நம் ஊர்களில் எது மறைந்துகொண்டிருக்கிறது என்பது விளங்கும்.

1955 மார்ச் 8 அன்று கண்ணூர் மாவட்டத்தின் பேராவூரில் பிறந்தவர் ஜிம்மி. குடியேற்ற விவசாயிகள் நிறைந்த மலையடிவார ஊர் அது. தந்தை ஜார்ஜ் ஜோசப் வழக்கறிஞர். பல்கலைக்கழக அளவில் கைப்பந்து ஆடியவர். ஆண்மக்கள் எட்டுப் பேர். எண்மரும் கைப்பந்து ஆடினர். ஓர் அணிக்கு ஆறு பேர் போதும் என்பதால், சகோதரர்களே ஓர் அணியாகக் களமிறங்கிய காட்சியைக் கேரளம் கண்டது. தந்தையிடம் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. பயிற்சி மையமோ விடுதியோ அந்தத் தொடக்கத்தில் இல்லை.

ஜிம்மி 16 வயதிலேயே, 1971இல், கேரள அணியில் இடம்பெற்றார். 1973 முதல் 1976 வரை கோழிக்கோடு பல்கலைக்கழக அணிக்காக ஆடினார். அந்தப் பல்கலைக்கழகம் அகில இந்திய அளவில் கோலோச்சிய ஆண்டுகள் அவை. அவர் நல்ல நீச்சல் வீரரும்கூட. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்காக ஆடினார். மருத்துவக் கல்வியைக் கைவிட்டு, ஆட்டத்தையே தேர்ந்துகொண்டு, 1976இல் கேரளக் காவல்துறையில் சேர்ந்தார். அதே ஆண்டு, 21 வயதில் அர்ஜுனா விருது அவரை வந்தடைந்தது. 1961இல் தமிழகத்தின் ஏ. பழனிசாமி கைப்பந்துக்காக முதல் அர்ஜுனா விருதைப் பெற்றிருந்தார்.

அவரது ஆட்டத்தைக் கண்டவர்கள் முதலில் பேசுவது அந்தத் தாவலைப் பற்றியே. வலைக்கு மேலே எழும்பி, எதிரணியின் தடுப்புக் கைகள் கீழிறங்கத் தொடங்கிய பிறகும் அவர் காற்றில் நிற்பது போலத் தோன்றும். அதன்பிறகே பந்து அடிபடும். ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு கணம் கூடுதலாகக் கிடைப்பது எத்தகைய வலிமை என்பது கைப்பந்து ஆடியவர்களுக்குத் தெரியும்.

1979இல் அவர் அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப்புக்காக ஆடச் சென்றார். 1982இல் இத்தாலியின் திரெவிசோ அணி அவரை அழைத்துக்கொண்டது. உலகின் மிக வலுவான கைப்பந்துத் தொடர்களில் ஒன்று அது. ஐரோப்பியத் தொழில்முறைக் களத்தில் அப்படி ஒரு பெயரை எடுத்த இந்தியக் கைப்பந்து வீரர் அதற்கு முன் இல்லை. இடையே நாடு திரும்பி ஆடினார். மீண்டும் இத்தாலி சென்றார். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் ஜப்பானை வென்று இந்தியா வெண்கலம் பெற்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். 1958இல் வெண்கலம், 1962இல் வெள்ளி, 1986இல் வெண்கலம். ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் கைப்பந்து அணி பெற்ற பதக்கங்கள் இவ்வளவே. சியோலுக்குப் பின் ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஆண்டு, 1987 நவம்பர் 30 அன்று, இத்தாலியில் நேர்ந்த கார் விபத்தில் ஜிம்மி இறந்தார். வயது 32. அவர் கடைசியாக ஆடிய மோந்திகியாரி நகரில் உள்ள விளையாட்டரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓர் அயல்நாட்டு வீரரின் பெயரை இத்தாலியச் சிறுநகரம் ஒன்று தன் அரங்குக்குச் சூட்டியது என்பதிலிருந்தே அவரது இடத்தை உணரலாம்.

அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் பக்கத்துக் களத்தில் வலை கட்டப்படவில்லை. பத்மநாபபுரம் கோட்டைக்குள் வளர்ந்தவன் நான். அந்நாளில் தக்கலையைச் சுற்றிய சிற்றூர்களில் மாலை ஐந்து மணிக்குமேல் நடந்து சென்றால், ஏதேனும் ஒரு விளையில் இரண்டு கமுகங்கம்பங்களும் நடுவில் ஒரு வலையும் கண்ணில் படும். கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ், ஓணம் என எது வந்தாலும் குழல்விளக்கு வெளிச்சத்தில் இரவுப் போட்டி நடக்கும். வென்ற அணி ஏத்தன் குலையைத் தோளில் சுமந்து திரும்பும். கொத்தனார், பேருந்து நடத்துநர், பால்வெட்டுத் தொழிலாளி, கல்லூரி மாணவர் என எல்லோரும் ஒரே அணியில் நின்றார்கள். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள் ஒரே வலையின் கீழ் வியர்த்தார்கள். 1982இன் மண்டைக்காடு கலவரத்தைக் கண்ட மாவட்டத்தில் இதன் பொருள் பெரிது.

ஒரு பந்து, ஒரு வலை, 12 பேர். ஏழை ஊர்களுக்கு ஏற்ற ஆட்டம் இது. 1895இல் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி இயக்குநர் வில்லியம் மார்கன் உருவாக்கிய இந்த ஆட்டம் நம் நாட்டுச் சிற்றூர்களில் வேரூன்றியதற்கு அந்த எளிமையே முதற்காரணம்.

களங்கள் எப்படி மறைந்தன? முதற்காரணம் வளைகுடா. ஜிம்மி அபுதாபிக்குப் பறந்த அதே ஆண்டுகளில் எங்கள் ஊர் ஆட்டக்காரர்களும் வளைகுடாவுக்குப் புறப்பட்டார்கள். அவர் ஆடச் சென்றார். இவர்கள் கட்டடங்களில் உழைக்கச் சென்றார்கள். வலைக்கு முன்னே நின்று பந்தை எடுத்துக்கொடுத்தவர் முதலில் போனார். பின்னர் ஸ்மாஷ் அடித்தவர் போனார். பிறகு இளையவர்களுக்குக் கற்றுத்தர ஆளில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழுந்தன. வலை கட்டிய விளைகளே வீட்டுமனைகள் ஆயின. இதில் யாரையும் குறைகூற முடியாது. கூரை வீட்டிலிருந்து காங்கிரீட் வீட்டுக்கு மாறியது எங்கள் மக்களின் நியாயமான வெற்றி. அந்த வெற்றிக்கு ஊர் கொடுத்த விலையில் விளையாட்டுக்களமும் ஒன்று.

பிறகு தொலைக்காட்சி வழியே கிரிக்கெட் வந்தது. கைப்பந்தின் உலக அமைப்பு தன் ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்கு ஏற்பத் திருத்தியது. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய விதி 1990களின் இறுதியில் கைவிடப்பட்டது. ஆட்டம் வேகமானது, ஆனால் ஊர்க்களம் அதனால் உயிர்பெறவில்லை. 2022 முதல் பிரைம் வாலிபால் லீக் நடக்கிறது. சென்னைக்கும் கோழிக்கோட்டுக்கும் அணிகள் உள்ளன. வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த அணிகளில் ஆடப் போகும் பதினைந்து வயதுச் சிறுவன் இன்று மாலை எங்கே ஆடுகிறான்? தக்கலையைச் சுற்றி நான் அறிந்த பழைய களங்களில் இன்று மிஞ்சியவை மிகச் சில. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் செயற்கைப் புல்தரைகள் வந்துள்ளன. கட்டணம் கொடுக்க இயலாதவனுக்கு அங்கே இடமில்லை.

ஜிம்மி ஜார்ஜின் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதைத்தான். அவருடைய திறமை அவருக்கே உரியது. ஆனால் பேராவூரில் மாலைதோறும் திறந்திருந்த ஒரு களமும், கற்றுத்தர ஒரு பெரியவரும் இல்லாதிருந்தால் அது வெளிப்பட்டிருக்காது. அரங்கங்கள் அவர் புகழ்பெற்ற பிறகு அவர் பெயரை ஏற்றன. அவரை உருவாக்கியது ஊர்.

கைப்பந்துக் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் ஓடியாட மூன்று மீட்டர் விட்டால் 360 சதுர மீட்டர். எங்கள் கணக்கில் ஒன்பது சென்ட். ஊராட்சிகள் தம் வசமுள்ள புறம்போக்கு நிலத்தில் வார்டுக்கு ஒன்பது சென்ட்டை விளையாட்டுக்கென ஒதுக்கி, வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். இடமில்லாத ஊரில், அரசுப் பள்ளி மைதானத்தை மாலை ஐந்து மணிமுதல் ஏழு மணிவரை ஊர் இளைஞர்களுக்குத் திறந்துவிடலாம். வளைகுடாவிலிருந்து திரும்பி ஓய்ந்திருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். களம் இருந்தால், கற்றுத்தர அவர்களை இரண்டாம் முறை அழைக்க வேண்டியிருக்காது.