அரியணையும் அமைதியும்

நாமக்கல் மலைக்கோட்டையின் மதிலருகே நின்று நோக்கினால், ஒருபால் கொல்லிமலைத் தொடரும், மற்றப் பக்கங்களில் பரந்து கிடக்கும் வயல்களும் ஊர்களும் கண்ணுக்குப் புலனாகும். இச்சமவெளியும் இதன் வடக்கேயுள்ள சேலத்துச் சமவெளியும் காலந்தோறும் பல அரசர்களின் கொடிகளைக் கண்டவை. மதுரை நாயக்கர்களின் ஆட்சியில் இருந்த இந்நாட்டுப் பகுதிகள், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் மன்னன் சிக்கதேவராயனின் கைக்கு மாறின. அக்காலத்தில் தக்கணத்துப் பழைய அரசுகள் ஒவ்வொன்றாய் வீழ்ந்து கொண்டிருந்தன. அவற்றை வீழ்த்தியவன், தில்லியை விட்டு வந்து தக்கணத்திலேயே கூடாரமிட்டுத் தங்கிய ஒரு முதிய பேரரசன். அவனே ஔரங்கசீப். பட்டத்துக்குரிய மூத்த மகனாக அவன் பிறக்கவில்லை. எனினும் பட்டத்தைப் பெற்றான். அதை எவ்வாறு பெற்றான், பெற்றதனால் எய்திய பயன் யாது என்பனவற்றை இங்குக் காண்போம்.

ஔரங்கசீப் 1618ஆம் ஆண்டு, இன்று குஜராத்து மாநிலத்தில் உள்ள தாகோது என்னும் ஊரில் பிறந்தான். தந்தை ஷாஜகான், தாய் மும்தாஜ் மகால். தாரா, சுஜா என்னும் இருவர் அவனுக்கு மூத்தவர், முராது இளையவன். ஜகனாரா, ரோஷனாரா என்னும் தமக்கையர் இருவரும் இருந்தனர். தாஜ் மகாலுக்குக் காரணமான அன்பு மிகுந்த அக்குடும்பத்திலே உடன்பிறந்தாரிடையே பகை முளைத்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் மொகலாயர் மரபில் மூத்த மகனுக்கே அரசுரிமை என்னும் உறுதியான முறை இல்லை. இளவரசர் யாவரும் அரியணைக்கு உரிமை கொண்டாடினர். வாள்வலியே முடிவு கூறிற்று. ஷாஜகானும் இளமையில் தன் தந்தையை எதிர்த்துக் கலகம் செய்தவன்; 1628இல் முடிசூடியபோது தனக்குப் போட்டியாக நின்ற உறவினரை ஒழித்தவன். அக்கலகம் அடங்கியபோது சிறுவனாகிய ஔரங்கசீப்பும் தாராவும் பாட்டனாரிடம் பிணையாக அனுப்பப்பட்டனர். அரச குடும்பத்தில் அன்புக்கும் அச்சத்துக்கும் உள்ள இடைவெளி சிறிது என்பதை அவன் அப்போதே உணர்ந்திருக்கக் கூடும்.

அவனுடைய நெஞ்சுரத்தைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று 1633ஆம் ஆண்டில் நடந்தது. ஆக்ராவில் யமுனைக் கரையில் இரண்டு யானைகள் பொருதன. அவற்றுள் ஒன்று மதங்கொண்டு, குதிரைமீது அமர்ந்திருந்த ஔரங்கசீப்பை நோக்கிப் பாய்ந்தது. கூடியிருந்தோர் சிதறி ஓடினர். பதினான்கு வயதுச் சிறுவனோ இடம்பெயராது நின்று ஈட்டியை அதன் நெற்றியில் எறிந்தான். யானை குதிரையை வீழ்த்தியது. அவன் துள்ளி எழுந்து வாளை உருவிக்கொண்டு நின்றான். சுஜாவும் மற்றோரும் துணைக்கு வர, அவன் உயிர் தப்பினான். தந்தை அவனை மார்புறத் தழுவிப் பாராட்டிப் பொன் பரிசளித்தான்.

எனினும் ஷாஜகானின் உள்ளம் முழுதும் தாராவிடமே இருந்தது. தாராவை எப்போதும் தன் அருகில் வைத்துக்கொண்டான். மற்ற மக்களைத் தொலைநாடுகளுக்கு ஆளுநராக அனுப்பினான். தாரா கல்வியில் பெருவிருப்பு உடையவன். சூபி ஞானிகளையும் இந்துத் துறவியரையும் ஒருங்கே போற்றியவன். காசிப் பண்டிதர்களின் துணைகொண்டு உபநிடதங்கள் ஐம்பதைப் பாரசீக மொழியில் பெயர்த்து 1657இல் முடித்தான். பிற்காலத்தில் ஐரோப்பிய அறிஞர் உபநிடதங்களை அறிவதற்கு அம்மொழிபெயர்ப்பே வழியாயிற்று. ஆனால் அரண்மனை நிழலில் வளர்ந்த அவனுக்குப் போர்க்களப் பயிற்சி குறைவு. தன்னைச் சூழ்ந்தவரின் புகழுரைகளை நம்பிப் பிறரை எளிதாக மதித்தான்.

ஔரங்கசீப்போ வெயிலிலும் பனியிலும் பயின்றவன். தக்கணத்தையும் குஜராத்தையும் ஆண்டான். 1647இல் இந்துகுஷ் மலைக்கு அப்பாலுள்ள பால்கு நாட்டில் போர்புரிந்தான். போர் நடந்து கொண்டிருக்கும்போதே தொழுகை நேரம் வர, குதிரையை விட்டிறங்கி அமைதியாகத் தொழுதான் என்பர். மது அருந்துவதில்லை, ஆடம்பரம் விரும்புவதில்லை, உள்ளத்தில் உள்ளதை முகத்தில் காட்டுவதும் இல்லை. 1657இல் பீசப்பூர் மீது படையெடுத்துப் பீதர், கல்யாணி என்னும் கோட்டைகளைக் கைப்பற்றினான். முழு வெற்றி கைக்கெட்டும் நிலையில், போரை நிறுத்துமாறு தலைநகரிலிருந்து ஆணை வந்தது. அது தாராவின் சூழ்ச்சி என்றே அவன் கருதினான். நெஞ்சில் நெடுநாள் கனன்ற சினம் இதனால் மூண்டது.

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ஷாஜகான் கடுநோயுற்றான். நாள்தோறும் மக்களுக்குக் காட்சியளிக்கும் பேரரசன் மாடத்தில் தோன்றாமையால், அவன் இறந்தான் என்னும் வதந்தி நாடெங்கும் பரவிற்று. சில வாரங்களில் அவன் நலமடைந்தான். ஆனால் அச்செய்தியை இளவரசர் நம்ப விரும்பவில்லை. வங்காளத்தில் சுஜா முடிசூடிக் கொண்டான். குஜராத்தில் முராதும் அவ்வாறே செய்தான். ஔரங்கசீப் மட்டும் முடிசூடவில்லை. நருமதையின் துறைகளில் காவல் வைத்தான். செய்திகள் கடவாதபடி தடுத்தான். தலைநகருக்குப் பணிவான கடிதங்கள் விடுத்தான். மறைமொழியில் முராதுக்கு ஓலைகள் அனுப்பி, வெற்றி பெற்றால் பஞ்சாபு, சிந்து, காசுமீரம், காபூல் ஆகியவை அவனுக்கே என்று உடன்படிக்கை செய்தான்.

அவன் சூழ்ச்சித் திறனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். மீர்சும்லா என்னும் தளபதியிடம் சிறந்த பீரங்கிப் படை இருந்தது. அவனைத் தலைநகருக்கு வருமாறு பேரரசன் ஆணையிட்டான். மீர்சும்லாவின் குடும்பமோ தில்லியில் இருந்தது. வெளிப்படையாக ஔரங்கசீப்புடன் சேர்ந்தால் குடும்பத்துக்குத் தீங்கு நேரும். ஆகவே ஔரங்கசீப் அவனைக் குற்றவாளிபோலச் சிறைசெய்தான். உலகம் அதனை உண்மை என்றே நம்பிற்று. பீரங்கிகளும் அவற்றை இயக்குவோரும் இளவரசனின் படையோடு சேர்ந்தனர். தந்தையைக் கண்டு நலம் உசாவவும், தாராவின் பிடியிலிருந்து அவனை விடுவிக்கவுமே செல்வதாகப் பறைசாற்றி, 1658ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வடக்கே புறப்பட்டான். முராது வழியில் வந்து சேர்ந்தான்.

தாராவின் சிறந்த படைகள் அப்போது அவன் மகன் சுலைமானுடன் சுஜாவை எதிர்க்கக் கிழக்கே சென்றிருந்தன. ஏப்பிரல் மாதத்தில் உச்சயினிக்கு அருகே தர்மத்து என்னும் இடத்தில் பேரரசின் படை தோற்றது. மே மாதக் கடுங்கோடையில், ஆக்ராவுக்கு அருகே சாமுகரில் உடன்பிறந்தார் நேருக்கு நேர் நின்றனர். தாராவின் வீரர் உயிரைப் பொருட்படுத்தாது போரிட்டனர். முராதின் முகத்தில் அம்புகள் பாய்ந்தன. போரின் நெருக்கடியில் தாரா யானையினின்று இறங்கிக் குதிரைமேல் ஏறினான். வெறுமையாய் நின்ற அம்பாரியைக் கண்ட படையினர், தலைவன் மாண்டான் என்று கருதிச் சிதறினர். ஒரு பேரரசின் விதி அந்த ஒரு நொடியில் மாறிற்று.

தாரா தப்பியோடினான். ஔரங்கசீப் ஆக்ராக் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டையின் மதில் வலியது; பீரங்கிக்கும் அசையாதது. ஆகவே அவன் யமுனையிலிருந்து கோட்டைக்கு நீர் செல்லும் வழியை அடைத்தான். கோடையின் வெம்மையில், நோயிலிருந்து எழுந்த முதியவன் கோட்டைக் கிணறுகளின் உவர்நீரைக் குடிக்க நேர்ந்தது. மூன்று நாள்களில் கதவுகள் திறந்தன. தந்தையைக் காக்க வந்ததாகக் கூறிய மகன், தந்தையைச் சிறையாளன் ஆக்கினான். அதன்பின் ஷாஜகான் உயிரோடிருந்த ஏழரை ஆண்டுகளில், ஔரங்கசீப் ஒருமுறையேனும் அவனை நேரில் காணவில்லை.

அடுத்த முறை முராதுடையது. மதுராவுக்கு அருகே ஔரங்கசீப் தம்பியை விருந்துக்கு அழைத்தான். உண்டு மயங்கி உறங்கிய அவன் விழித்தபோது, அருகில் தன் படைக்கலங்கள் இல்லை. சூழ நின்றோர் காவலர். குவாலியர்க் கோட்டையில் அடைபட்ட அவன், பழைய கொலை வழக்கொன்றின் பேரால் 1661இல் கொல்லப்பட்டான். சுஜா 1659இல் கச்சுவாப் போரில் தோற்று, அரக்கான் நாட்டுக்கு ஓடி அங்கே அழிந்தான்.

தாராவின் முடிவே மிகவும் இரங்கத் தக்கது. அச்சுமீருக்கு அருகே மீண்டும் தோற்று, பாலை வழியே மேற்கு நோக்கி ஓடினான். துன்பத்தில் பிரியாது உடன் வந்த மனைவி நாதிரா வழியிலே இறந்தாள். முன்னொருகால் தாராவால் உயிர்காக்கப்பட்ட மாலிக் சீவன் என்னும் தலைவனே அவனைப் பகைவர் கையில் ஒப்புவித்தான். 1659ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அழுக்கேறிய ஆடையுடன் அவனைச் சிறிய பெண்யானைமீது ஏற்றித் தில்லித் தெருக்களில் ஊர்வலம் விடுத்தனர். அவன் செல்வாக்கின்மையைக் காட்டவே இவ்வாறு செய்தனர். ஆனால் மக்கள் வாய்விட்டு அழுதனர். காட்டிக் கொடுத்தவன்மீது கல்லெறிந்தனர். அவ்வழுகையே தாராவின் சாவை விரைவுபடுத்திற்று. மறுநாள் இரவு அவன் கொல்லப்பட்டான். சமயநெறியினின்று வழுவினான் என்பது அவன்மீது சாட்டிய குற்றம். மக்கள் அன்பைப் பெற்றிருந்ததே உண்மையான குற்றம் எனலாம்.

ஷாஜகான் ஆக்ராக் கோட்டையில் ஜகனாராவின் பணிவிடையில் நாள்களைக் கழித்தான். தொலைவில் தெரியும் தாஜ் மகாலே அவனுக்கு ஆறுதல். 1666இல் அவன் உயிர் நீத்து, மனைவியின் அருகில் அடங்கினான்.

இத்துணை விலை கொடுத்துப் பெற்ற அரியணையில் ஔரங்கசீப் ஏறக்குறைய 49 ஆண்டுகள் இருந்தான். அவன் சோம்பியிருந்தவன் அல்லன். நாள்தோறும் ஓய்வின்றி அரசியற் பணிகளைக் கவனித்தான். எளிய வாழ்வு வாழ்ந்தான். திருக்குர்ஆனைத் தன் கையால் படியெடுத்தான். பேரரசு அவன் காலத்தில் முன்னினும் பரந்தது. ஆனால் அரசைப் பெற்ற வழி அவன் நெஞ்சில் ஐயத்தை நிலைபெறச் செய்தது. தந்தைக்குத் தான் செய்ததை மக்கள் தனக்குச் செய்வரோ என்று அஞ்சினான். சுஜாவோடு சேர்ந்த மூத்த மகன் முகமது சுல்தான் சிறையிலேயே வாடி 1676இல் இறந்தான். மற்றொரு மகன் அக்பர் 1681இல் கலகம் செய்து, இறுதியில் பாரசீகத்துக்கு ஓடினான். முவாசம் என்னும் மகன் ஐயத்துக்கு ஆளாகி ஏழாண்டுகளுக்கு மேல் காவலில் இருந்தான்.

1681இல் ஔரங்கசீப் தக்கணத்துக்கு வந்தான். மீண்டும் தில்லியைக் காணவில்லை. பீசப்பூரை 1686இலும் கோல்கொண்டாவை 1687இலும் வென்றான். மராட்டியரை ஒடுக்க அவன் படை செஞ்சிக் கோட்டையை ஏறத்தாழ எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் பிடித்தது. மராட்டிய மன்னன் இராசாராமோ அதற்குள் தப்பிவிட்டான். ஓயாத போரால் கருவூலம் வறண்டது; வயல்கள் பாழாயின. பெரும்படைகள் வேறிடங்களில் பொருதுகொண்டிருந்த அக்காலத்திலேதான் சிக்கதேவராயன் தன் அரசைச் சேலம், கோவைப் பகுதிகளில் பரப்பினான். தில்லி அரண்மனையில் உடன்பிறந்தாரிடையே எழுந்த பகையால் அரசெய்திய ஒருவனின் ஓயாத வேட்கை, நம் ஊர்ப்புற உழவரின் வாழ்விலும் மாறுதலைக் கொணர்ந்தது.

1707ஆம் ஆண்டில், எண்பத்தெட்டு வயதில், அகமது நகரில் ஔரங்கசீப் மறைந்தான். இறுதி நாள்களில் மக்களுக்கு எழுதிய கடிதங்களில், தனியனாய் வந்து தனியனாய்ச் செல்வதையும், தன் பிழைகளின் சுமையையும் நினைந்து வருந்தினான். தான் செய்ததுபோல் மக்களும் செய்தல் ஆகாதென்று விரும்பி, நாட்டைப் பங்கிட்டுக் கொள்ளுமாறு அறிவுரை விட்டுச் சென்றான். அவர்களோ தந்தையின் சொல்லைக் கொள்ளவில்லை, செயலையே கொண்டனர். சில மாதங்களுக்குள் சாசாவுப் போர்க்களத்தில் ஆசம் உடன்பிறந்தானால் வீழ்ந்தான். 1709இல் காம்பட்சும் அவ்வாறே மடிந்தான்.

குல்தாபாதில் ஔரங்கசீப்பின் கல்லறை, அவன் விருப்பப்படியே மாளிகை எதுவுமின்றி வானத்தின் கீழ்த் திறந்த மண்ணாக அமைந்துள்ளது. தந்தையும் தாயும் உறங்கும் தாஜ் மகாலைக் கண்டோர், அவ்வெறுமண்ணையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறிவு, ஆற்றல், துணிவு, உழைப்பு ஆகிய யாவும் அவனிடம் நிறைந்திருந்தன. தந்தையிடத்தும் உடன்பிறந்தாரிடத்தும் காட்ட வேண்டிய இரக்கம் ஒன்றே இல்லை. அஃது இன்மையால், நாடு முழுவதும் அவனுக்கு அடங்கியபோதும் அவன் நெஞ்சுக்கு அமைதி கிட்டவில்லை. நேரிய வழியில் வாராத உயர்வு, வந்தவனுக்கும் துணையாகாது. அவன் வழித்தோன்றல்களுக்கும் நிலையாகாது.