மைக்கேல் பூப்பின்: மங்கிய கதிருக்குத் திரை தந்தவர்

எங்கள் பௌதிகத் துறை ஆய்வுக்கூடத்தில், இனி எவருக்கும் வேண்டாதவை என்று ஒதுக்கிய பொருள்களுக்கென ஓர் அலமாரி உண்டு. சென்ற பருவத்தில் அதனைத் துடைத்து அடுக்கும் வேலை என் பங்குக்கு வந்தது. பழுதான மீட்டர்களுக்கும் அறுந்த கம்பிச் சுருள்களுக்கும் நடுவே தட்டையான பெட்டி ஒன்று அகப்பட்டது. பெரிய நிலப்படப் புத்தகத்தின் அளவு; பக்கத்தில் கொக்கிகள். எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் காசெட் அது. திறந்து பார்த்தேன். உள்ளே பிலிம் இல்லை. ஆனால் மூடியின் உட்புறத்தில் ஒன்றும் அடிப்பக்கத்தில் ஒன்றுமாக, பால் நிறத்தில் வழவழப்பான இரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தன.

நம்மில் மார்பைப் படம் எடுத்துக்கொள்ளாதவர் சிலரே இருப்பர். மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்கிறார்கள். நாம் நிறுத்தியதும் முடிந்துவிட்டது, போகலாம் என்கிறார்கள். இந்த இமைப்பொழுது நமக்கு எப்படி வாய்த்தது? 1896-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே வேலைக்கு நோயாளி ஒரு மணி நேரம் வரை அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்த மணியை நொடியாகச் சுருக்கியதில் பெரும்பங்கு அந்தப் பால் நிற அட்டைகளுக்கு உண்டு. அவ்வழியைக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் மைக்கேல் பூப்பின். தாய்மொழி வழங்காத ஊருக்குப் பிழைக்கவும் படிக்கவும் வந்தவர் அவர். ஆதலால் இந்தச் சங்கத்தின் மலரில் அவர் கதைக்கு இடம் உண்டு என்று நம்புகிறேன்.

கத்தியில் காது வைத்த சிறுவன்

இன்றைய செர்பியாவின் வடபகுதியில் பானாத் என்னும் சமவெளி இருக்கிறது. பூப்பின் பிறந்த 1850-களில் அது ஆஸ்திரியப் பேரரசின் எல்லைப்புறம். அங்கே இத்வோர் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். மிஹாய்லோ என்பது வீட்டில் இட்ட பெயர். தாயார் ஒலிம்பியாதாவுக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. தமக்குக் கிட்டாத கல்வி மகனுக்குக் கிட்ட வேண்டும் என்பதில் அந்த அம்மையார் உறுதியாக இருந்தார்.

கோடைக்காலத்தில் ஊர்ச் சிறுவர்கள் இரவெல்லாம் மாடு காக்க வேண்டும். பக்கத்தில் சோளக்கொல்லை, அதன் இருளில் மாடு திருடுவோர் பதுங்கியிருப்பர். ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தால் திருடனுக்கும் கேட்டுவிடும். ஆகவே சிறுவர்கள் நீண்ட பிடியுள்ள கத்தியைத் தரையில் குத்தி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பார்கள். தொலைவில் மற்றொருவன் தன் கத்திப் பிடியைத் தட்டினால் அந்த ஒலி தரை வழியே வந்துசேரும். இறுகிய மேய்ச்சல் நிலத்தில் நன்றாகக் கேட்ட ஒலி, உழுது பொலபொலவென்றிருந்த கொல்லை மண்ணில் செல்லாமல் அடங்கிவிட்டது. ஏன் என்ற கேள்வி அந்தச் சிறுவனின் உள்ளத்தில் தங்கிவிட்டது.

காற்றில் கேட்காத ஓசையைக் கேட்க அவன் செய்தது என்ன? தட்டுகிறவனை இன்னும் ஓங்கித் தட்டச் சொல்லவில்லை. தன் காதை வேறிடத்தில் வைத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாழ்க்கையில் மீண்டும் வரும்.

ஐந்து சென்ட்டு

பான்செவோ நகரிலும் பின்னர்ப் பிராகா நகரிலும் படித்தார். பிராகாவில் இருக்கும்போது தந்தை இறந்தார். தாயாருக்குச் சுமையாக இருக்க மனமில்லை. புத்தகங்களை விற்றார், கடிகாரத்தை விற்றார், ஆட்டுத்தோல் மேலங்கியையும் விற்றார். சேர்ந்த பணம் ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல் ஏறப் போதுமாக இருந்தது. போர்வையும் இல்லாமல், மார்ச்சு மாதக் கடற்குளிரில், புகைபோக்கியை ஒட்டி நின்று உடம்பைச் சூடேற்றிக்கொண்டு அட்லாண்டிக் கடலைக் கடந்தார்.

1874-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூயார்க்கில் இறங்கியபோது சட்டைப் பையில் இருந்தது ஐந்து சென்ட்டு. குடியேற்ற அதிகாரிகள் அமெரிக்காவில் தெரிந்தவர் உண்டா என்று கேட்டார்கள். பிராங்க்ளின், லிங்கன், அடிமைகளின் துயரைக் கதையாக எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ ஆகிய மூவரையும் தெரியும் என்றார் பூப்பின். புத்தக வழியே அறிந்தவர்கள்! அதிகாரிகள் சிரித்தார்கள், ஆனால் உள்ளே விட்டார்கள். அந்த ஐந்து சென்ட்டுக்கும் வெளியே ஒரு பழப் பணியாரம் வாங்கினார். கடித்துப் பார்த்தால் உள்ளே இருந்தவை பெரும்பாலும் கொட்டைகள்.

முதலில் பண்ணையில் கோவேறு கழுதை ஓட்டினார். பிறகு பிஸ்கோத்துத் தொழிற்சாலையில் கூலி வேலை. மாலையில் கூப்பர் யூனியன் நிலையத்தின் நூலகமும் சொற்பொழிவுகளும். ஐந்தாண்டுகள் இப்படிக் கழிந்தன. 1879-இல் கொலம்பியாக் கல்லூரியில் சேர்ந்தார். 1883-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அமெரிக்கக் குடிமகனும் ஆனார். பின்னர்க் கேம்பிரிட்ஜிலும், பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞரின் கீழும் பயின்று, 1889-இல் டாக்டர் பட்டத்துடன் கொலம்பியாவுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

ஒரு மணியும் சில நொடிகளும்

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரோண்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டார். கதிர் பட்டதும் ஓர் உப்புப் பூசிய திரை இருட்டில் ஒளிர்ந்ததே அவருக்குக் கிடைத்த முதல் சான்று. அக்கதிர்கள் புகைப்படத் தகட்டையும் கறுக்கச் செய்தன. எனவே எக்ஸ்-கதிர்களைக் காண இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒளிரும் திரையைக் கண்ணால் பார்ப்பது. மற்றொன்று, தகட்டில் பதிப்பது. திரை உடனே காட்டும். ஆனால் மங்கலாகக் காட்டும், பதிவும் நிற்காது. தகடு பதிந்து வைக்கும். ஆனால் நெடுநேரம் கேட்கும்.

1896 பிப்ரவரியில் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் ஒருவர் தம் நோயாளியைப் பூப்பினிடம் அனுப்பினார். வேட்டைத் துப்பாக்கி வெடித்து, சிதறிய ஈயக் குண்டுகள் அனைத்தும் அவருடைய இடது கையில் பாய்ந்திருந்தன. எங்கே எத்தனை என்று அறியாமல் கத்தி வைக்க முடியாது. பூப்பின் தகட்டில் பதிக்க முயன்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். வலியால் துடிக்கும் மனிதர் எவ்வாறு வைத்திருப்பார்? படம் தேறவில்லை.

கதிரைக் கூட்ட அன்றைய குழாய்களுக்கு வலிமை இல்லை. நேரத்தைக் கூட்ட நோயாளிக்கு வலிமை இல்லை. நண்பர் எடிசன் அனுப்பிய ஒளிரும் திரை ஒன்று பூப்பினிடம் இருந்தது. அதை எடுத்துத் தகட்டின் மேல் படியும்படி வைத்தார். திரையின் மேல் நோயாளியின் கையை வைக்கச் செய்தார். தகடு இப்போது எக்ஸ்-கதிரை மட்டும் நம்பியிருக்கவில்லை. திரையின் ஒளியும் அதன்மேல் விழுந்தது. சில நொடிகள் போதுமாக இருந்தன. தகட்டைக் கழுவியபோது குண்டுகள் ஒவ்வொன்றும் மையால் புள்ளி வைத்ததுபோல் தெரிந்தன. மருத்துவர் அவற்றை எளிதில் எடுத்துவிட்டார்.

மேய்ச்சல் நிலத்துச் சிறுவன் செய்ததைத்தான் பேராசிரியரும் செய்தார். அனுப்புகிறவனை ஓங்கித் தட்டச் சொல்லவில்லை. வாங்குகிற இடத்தைத் திருத்தினார். இது அவர் ஒருவருக்கே தோன்றிய கருத்தன்று. அதே 1896-இல் ஐரோப்பாவிலும் சிலர் திரையையும் தகட்டையும் சேர்த்துப் பார்த்தனர். ஆயினும் துன்புறும் ஒரு மனிதரின் கையில் அதை மெய்ப்பித்துக் காட்டியவர் என்று பூப்பினின் பெயர் நிற்கிறது.

திரை செய்யும் வேலை

திரை எவ்வாறு இதைச் செய்கிறது? எந்த ஊடுருவும் ஆற்றலால் எக்ஸ்-கதிர் உடலைக் கடக்கிறதோ, அதே ஆற்றலால் அது பிலிமையும் கடந்து போய்விடுகிறது. பிலிமின் மேல் வெள்ளி புரோமைடுத் துகள்கள் கலந்த பூச்சு மிக மெல்லியது. வந்த கதிர்களுள் நூற்றுக்கு ஓரிரண்டு அதில் தங்கினால் பெரிது. மற்றவை நோயாளியின் உடலைத் துன்புறுத்தியதோடு சரி. படத்துக்கு உதவாமல் போகின்றன.

திரையில் உள்ள உப்பு கனமான அணுக்களால் ஆனது, பூச்சும் தடித்தது. ஆகவே அது கூடுதலான கதிர்களைத் தடுத்து நிறுத்துகிறது. எக்ஸ்-கதிரின் ஒரு துணுக்கு, நாம் காணும் நீல ஒளித் துணுக்கைப்போல் பல்லாயிரம் மடங்கு ஆற்றல் உடையது. திரையில் அகப்பட்டதும் அதன் ஒரு பகுதி பல நூறு ஒளித் துணுக்குகளாகச் சிதறுகிறது. ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றைச் சில்லறையாக மாற்றுவதுபோல் என்று சொல்லலாம். மாற்றுவதில் பெரும்பங்கு கழிந்துவிட்டாலும், மிஞ்சிய சில்லறை பிலிமுக்குச் செல்லுபடியாகும் நாணயம். ஒளி பட்ட வெள்ளித் துகள்கள் இருட்டறையில் மருந்து நீரில் கறுக்கின்றன; படாதவை கழுவிப் போகின்றன. இறுதியில் நாம் காணும் கருமையில் பெரும்பகுதி திரையின் ஒளியால் விளைந்ததே.

1896-லேயே எடிசன் பற்பல உப்புகளைச் சோதித்துக் கால்சியம் டங்ஸ்டேட்டு சிறந்தது என்று கண்டார். தொடக்கத் திரைகளில் குறைகள் இருந்தன. கதிர் நின்ற பின்னும் ஒளி நின்றெரியும். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் விழும். அவை தீர ஆண்டுகள் பல ஆயின. 1918-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் இருபுறமும் பூச்சுள்ள பிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரு திரைகளுக்கு நடுவே அத்தகைய பிலிமை இறுக்கிவைத்தால் இருபுறமும் ஒளி பதியும். எங்கள் அலமாரிக் காசெட்டின் இரண்டு அட்டைகளுக்கும் பொருள் இதுதான்.

இதற்கு விலையும் உண்டு. திரையில் பிறந்த ஒளி நேர்கோட்டில் மட்டும் செல்வதில்லை, சுற்றிலும் பரவும். திரை தடித்தால் நேரம் குறையும், தெளிவும் குறையும். பிலிமும் திரையும் ஓரிடத்தில் ஒட்டாமல் விலகினால் அங்கே படம் கலங்கும். திரையில் தூசி படிந்தால் அது ஒளியை மறைத்துப் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நுட்பம் மிக வேண்டிய இடத்தில், பல் மருத்துவர் வாய்க்குள் வைக்கும் சிறு பிலிமில், திரையே இருப்பதில்லை.

ஆயினும் ஆதாயம் பெரிது. உடலுக்குச் செல்லும் கதிர் பல பத்து மடங்கு குறைந்தது. அக்குறைவின் அருமையை அறிய எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலியை நினைத்தால் போதும். கதிர்களின் தீமையை எவரும் சரிவர உணராத நாளில் அவர் ஓயாமல் அவற்றோடு பழகினார். கைகளில் புண், பிறகு புற்று. இரு கைகளையும் வெட்டியும் பயனின்றி 1904-இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். ஈயக் குண்டு பட்டவரின் கையைக் காப்பாற்றிய அதே கதிர் டாலியின் கைகளைக் கொண்டுபோயிற்று. படம் எடுப்பதில் கடினம் கதிரைப் பாய்ச்சுவது அன்று. எவ்வளவு குறைவாகப் பாய்ச்சிப் படம் பெறலாம் என்பதே.

தொலைபேசியும் தாயும்

அந்த வெற்றி பூப்பினுக்கு மகிழ்ச்சி தரவில்லை. 1896-லேயே அவர் நிமோனியாக் காய்ச்சலில் வீழ்ந்தார். அவருடைய மனைவி சேரா அதே நோயில் இறந்தார். சிறு பெண் குழந்தை ஒன்றோடு அவர் மிஞ்சினார். தேறி எழுந்தபின் எக்ஸ்-கதிரை விட்டு வேறொரு மங்கிய குறியின் பக்கம் திரும்பினார். அது தொலைபேசிக் கம்பியில் செல்லும் குரல். தொலைவு கூடக்கூடக் குரல் தேய்ந்து குழறியது. கம்பியில் குறித்த இடைவெளிகளில் சுருள்களை வைத்தால் குரல் தேயாமல் செல்லும் என்று கணக்கிட்டுக் காட்டி, 1900-இல் உரிமை பெற்றார். அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி அதனை விலைக்கு வாங்கியது. இங்கும் உரக்கப் பேசச் சொல்லவில்லை. குரல் செல்லும் வழியைத் திருத்தினார். மேய்ச்சல் நிலமும் கொல்லை மண்ணும் அவர் நினைவை விட்டு அகலவே இல்லை.

ஐந்து சென்ட்டோடு வந்தவர் செல்வர் ஆனார். 1914-இல் தம் தாயாரின் பெயரால், தாய்நாட்டு ஏழை மாணவர்களுக்கு உதவும் நிதி ஒன்றை ஏற்படுத்தினார். எழுதத் தெரியாத தாயின் பெயர் பிறர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குத் துணையாயிற்று. 1923-இல் தன் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1935-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார். கொலம்பியாவின் பௌதிகக் கட்டிடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1970-களில் காடோலினியம் முதலிய அருமண் உப்புகள் டங்ஸ்டேட்டின் இடத்தைப் பிடித்துக் கதிரின் அளவை இன்னும் குறைத்தன. பின்னர்க் கணிப்பொறி வந்தது. மருத்துவமனைகளில் பிலிம் அரிதாகி வருகிறது. காசெட்டும் அலமாரிக்குப் போய்விட்டது. ஆனால் இன்றைய பல கருவிகளின் பலகைக்குள்ளும் சீசியம் அயோடைடுப் பூச்சு ஒன்று இருக்கிறது. அது எக்ஸ்-கதிரை வாங்கி ஒளியாக மாற்றி அடுத்த உறுப்புக்குக் கொடுக்கிறது. பிலிம் போயிற்று, திரை போகவில்லை.

இரண்டு இரவுகள் இரயிலில் கழித்து இந்நகரில் இறங்கிய நாளில், விடுதிச் சமையற்காரரிடம் தண்ணீர் கேட்கவும் எனக்குச் சொல் தெரியாது. அவர் இன்னும் மெல்லப் பேசினால் நன்றாக இருக்குமே என்று பல நாள் குறைப்பட்டேன். காதை வைக்கும் இடத்தை நான்தான் மாற்ற வேண்டும் என்று தெரியச் சில மாதங்கள் ஆயின. இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையர்க்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும். அந்தப் பால் நிற அட்டைகளைத் துடைத்து, காசெட்டை மூடி, அலமாரியின் முன்தட்டில் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புவோர் வரலாம்.