பெயர் பொறிக்காத கல்லறை

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் எட்லிங்டன் என்றொரு முன்னாள் சுரங்க ஊர் உண்டு. அவ்வூர் இடுகாட்டில், 1930ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அறுபத்தைந்து வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் உடல் ஏழைகளுக்கென ஒதுக்கிய குழியில் அடக்கம் செய்யப்பட்டது. தலைமாட்டில் கல் நடப்படவில்லை. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரித்து மகிழ்ந்த ஆர்தர் வார்ட்டன் அந்த மண்ணில்தான் உறங்கினார்.

வார்ட்டன் 1865 அக்டோபர் 28ஆம் நாள், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட்டில், அக்ரா நகரின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். தந்தை ஹென்றி வார்ட்டன், மேற்கிந்தியத் தீவான கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் சமய ஊழியர். ஸ்காட்லாந்துக் குருதியும் ஆப்பிரிக்கக் குருதியும் கலந்தவர். தாயார் ஃபான்டி இனத்து அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையின் வழியில் மகனும் சமயப் பணி ஆற்றவேண்டும் என்பதே குடும்பத்தின் விருப்பம். அதற்கான கல்வி பெற இங்கிலாந்து வந்த இளைஞர், 1884இல் டார்லிங்டன் நகரின் கிளீவ்லண்டு கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் பிரசங்க மேடையைவிட ஆடுகளமே அவரை வலிந்து அழைத்தது.

1886 ஜூலையில் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் திடலில் அமெச்சூர் தடகளச் சங்கத்தின் தேசியப் போட்டி நடைபெற்றது. வார்ட்டன் நூறு கெஜ தூரத்தைச் சரியாகப் பத்து வினாடிகளில் ஓடி முடித்தார். அப்போட்டியில் அதற்குமுன் எவரும் அவ்வேகத்தை எட்டியதில்லை. மறு ஆண்டும் பட்டம் அவருக்கே கிடைத்தது. கிரிக்கெட்டிலும் மிதிவண்டி ஓட்டத்திலும்கூட அவர் வல்லவராக விளங்கினார்.

கால்பந்தில் அவர் ஏற்றது கோல்காவலர் பொறுப்பு. அக்காலத்தில் அது எளிய பணியன்று. கையில் பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோல்காவலரை எதிரணியினர் இடித்துத் தள்ளுவதை 1890களின் தொடக்கம் வரை விதிகள் பொறுத்துக்கொண்டன. அஞ்சாநெஞ்சமும் இரும்புத் தோள்களும் இல்லாதவர் அங்கே நிலைத்து நிற்க இயலாது. டார்லிங்டன் அணிக்காக ஆடிய வார்ட்டனின் திறமையைக் கண்டு பிரெஸ்டன் நார்த் எண்ட் அணி அவரை அழைத்துக்கொண்டது. 1887இல் அவ்வணி எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி வரை சென்று, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் தோற்றது.

1888இல் ஓட்டப் பந்தயத்தையே பிழைப்பாகக் கொள்ள எண்ணி வார்ட்டன் பிரெஸ்டனைவிட்டு விலகினார். விதியின் விளையாட்டு என்றே இதனைச் சொல்லவேண்டும். அடுத்த பருவத்திலேயே பிரெஸ்டன் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதல் லீக் பட்டத்தை வென்றது. ஒரு கோலும் வாங்காமல் எஃப்.ஏ. கோப்பையையும் கைப்பற்றியது. அந்தக் கம்பங்களுக்கிடையே நின்று புகழ் பெற்றோர் வேறு சிலர்.

1889இல் ராதர்ஹாம் டவுன் அணியில் ஊதியம் பெறும் ஆட்டக்காரராக அவர் சேர்ந்தார். ஆண்ட்ரூ வாட்சன் என்ற கறுப்பின வீரர் 1881லேயே ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை ஏற்றிருந்தார். எனினும், கால்பந்தைத் தொழிலாகக் கொண்ட முதல் கறுப்பினத்தவர் என்று பொதுவாகப் போற்றப்படுபவர் வார்ட்டனே. இங்கிலாந்து தேசிய அணியின் கதவு அவருக்கு ஒருநாளும் திறக்கவில்லை.

1894இல் ஷெஃபீல்டு யுனைடெட் அணிக்குச் சென்றார். அங்கே இருபது வயது வில்லியம் ஃபோக் என்ற பேருருவினர் கோலைக் காக்க வந்துவிட்டார். அவருக்கு மாற்றாகக் காத்திருந்த வார்ட்டனுக்குச் சில ஆட்டங்களே வாய்த்தன. அவற்றுள் சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தால், முதல் பிரிவு லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்ற சிறப்பும் அவரைச் சேர்ந்தது. பின்னர்ச் சிற்றணிகள் பலவற்றில் ஆடி, 1902இல் ஸ்டாக்போர்ட் கவுண்டி அணியுடன் ஆட்ட வாழ்வை முடித்தார். அதன்பின் நிலக்கரிச் சுரங்கமே சோறிட்டது. எட்லிங்டனின் யார்க்ஷயர் மெயின் சுரங்கத்தில் நிலக்கரி வண்டிகளை நகர்த்தும் தொழிலாளியாக அவர் உழைத்தார்.

கோல் அடிப்பவனின் பெயர் ஏட்டில் ஏறும். தடுக்கப்பட்ட பந்துக்கு ஏடு இல்லை. பத்து வினாடி ஓட்டம் பதிவேட்டில் எஞ்சியது. கோல்காவலரின் கலையோ பார்த்தவர் நெஞ்சில் மட்டுமே தங்கியது. வார்ட்டன் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1942இல், முதிய ரசிகர் ஒருவர் ஷெஃபீல்டு நாளேட்டுக்குக் கடிதம் எழுதினார். குறுக்குச் சட்டத்தைப் பற்றித் தொங்கிய வார்ட்டன் பந்தைக் கால்களுக்கிடையே பிடித்ததையும், பாய்ந்து வந்த எதிரணியினர் மூவர் வலைக்குள் விழுந்ததையும் அவர் அதில் நினைவுகூர்ந்தார். அரை நூற்றாண்டைக் கடந்தும் அவர் நெஞ்சில் அக்காட்சி மங்கவில்லை.

அறுபத்தேழு ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்த அக்கல்லறைக்கு, நிறவெறியை எதிர்க்கும் கால்பந்து ஆர்வலர்களின் முயற்சியால் 1997இல் கல் நடப்பட்டது. 2003இல் இங்கிலாந்தின் கால்பந்துப் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2014இல் தேசியக் கால்பந்து மையமான செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் அவருடைய சிலை எழுந்தது. பந்தைத் தட்டிவிட உயரப் பாயும் கோலத்தில் அவர் அங்கே நிற்கிறார். வாழ்ந்தபோது கிடைக்காத சிறப்பு அது. ஒரு கடிதத்தில் உயிரோடிருந்த நினைவு, காலம் கடந்தேனும் கல்லிலும் வெண்கலத்திலும் இடம் பெற்றுவிட்டது.