பாட்டியின் தண்டட்டி உருக்குக்கு... மகாராணியின் கம்மல் ஏலத்துக்கு! சென்னையில் பிறந்த சீதா தேவியின் நகைக் கதை

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பக்கம் வயதான பாட்டிமாரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காது மறக்காது. சின்ன வயசிலேயே காது வளர்த்து, தோளைத் தொடும் அளவுக்கு இறக்கி, அதில் கனமாகத் தொங்கும் தண்டட்டி. இன்றைக்கு அந்தக் காதுகளில் பாதி வெறுங்காது. மகள் கல்யாணத்துக்கோ, பேரன் படிப்புக்கோ, தோட்டத்துக்குப் போர் போடவோ தண்டட்டி அடகுக் கடைக்குப் போய்விட்டது. 2023-ல் 'தண்டட்டி' என்ற பெயரிலேயே தேனி வட்டாரக் கிராமத்தை வைத்து ஒரு படமும் வந்தது.

கடைக்குப் போன தண்டட்டிக்கு என்ன விலை கிடைக்கும்? அரக்கைக் கழித்து, தரத்தைப் பார்த்து, மிச்சம் இருக்கிற தங்கத்தின் எடைக்கு மட்டும்தான் பணம். அதன் பிறகு அது உருகிப்போகும்.

ஆனால் உலகத்தின் இன்னொரு பக்கத்தில் பழைய காதணிகளுக்கு வேறு கணக்கு. பாரிஸின் பெரிய நகை நிறுவனங்கள் 50, 100 வருஷத்துக்கு முன்பு செய்த கம்மல்களைத் தேடித்தேடி வாங்க ஒரு கூட்டமே இருக்கிறது. எடையைவிட பல மடங்கு கொடுக்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? இதைப் புரிந்துகொள்ள, சென்னையில் பிறந்து உலகமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நகை சேர்த்த ஒரு பெண்ணின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த சீதா தேவி?

1917 மே 12-ம் தேதி சென்னையில் பிறந்தவர் சீதா தேவி. அப்பா, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பித்தாபுரம் ஜமீனின் மகாராஜா. தெலுங்கில் பெரிய அகராதி ஒன்றைத் தொகுக்கப் பணம் கொடுத்த குடும்பம் அது. சீதா தேவியை உய்யூரு ஜமீன்தாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குழந்தைகளும் பிறந்தார்கள்.

1943-ல் எல்லாம் மாறியது. சென்னை குதிரைப் பந்தயத்தில் பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாட்டைச் சந்தித்தார். பரோடா அன்றைக்கு இந்தியாவின் பெரும் பணக்கார சமஸ்தானங்களில் ஒன்று. மகாராஜாவுக்கும் ஏற்கெனவே கல்யாணமாகி 8 பிள்ளைகள் இருந்தனர்.

இரண்டு பேருக்கும் சட்டம் குறுக்கே நின்றது. அன்றைய இந்துச் சட்டத்தில் சீதா தேவிக்கு விவாகரத்து கிடையாது. அதனால் அவர் இஸ்லாத்துக்கு மாறினார். அதைக் காரணமாக வைத்து முதல் திருமணம் முடிவுக்கு வந்தது. பிறகு மீண்டும் இந்துவாகி மகாராஜாவைக் கரம் பிடித்தார். பரோடாவிலோ இருதார மணத்துக்குத் தடை இருந்தது. அந்தத் தடை குடிமக்களுக்குத்தான், தனக்கு இல்லை என்று மகாராஜா சொல்லிவிட்டார். ஆங்கிலேய அரசு கடைசியில் திருமணத்தை ஏற்றுக்கொண்டாலும், மகாராணிக்கு உரிய மரியாதைப் பட்டத்தை சீதா தேவிக்குக் கொடுக்கவில்லை.

மொனாக்கோவுக்குப் போன பெட்டிகள்

1945-ல் மகன் பிறந்தான். செல்லப் பெயர் பிரின்ஸி. உலகப் போர் முடிந்ததும் தம்பதி ஐரோப்பா கிளம்பினார்கள். பிரான்ஸை ஒட்டிய குட்டி நாடான மொனாக்கோவில் 1946-ல் வீடு வாங்கினார்கள். சீதா தேவி அங்கேயே தங்க, மகாராஜா வந்து வந்து போனார்.

அதோடு பரோடா நகைகளும் இடம் மாறின. அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 7 சரம் கொண்ட இயற்கை முத்து மாலை. இன்னொன்று, 1860-களில் கண்டேராவ் கெய்க்வாட் காலத்தில் முத்துக்களாலேயே நெய்யப்பட்ட விரிப்பு. இரண்டுமே தலைமுறை தலைமுறையாக அரண்மனையில் இருந்தவை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் பரோடா பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. அப்போதுதான் பிரச்னை வெடித்தது. கருவூலக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பட்டியலில் இருந்த பல பொருட்கள் கையிருப்பில் இல்லை. அவை மகாராஜாவின் சொந்த நகையா, சமஸ்தானத்தின் சொத்தா என்பதுதான் கேள்வி.

ஊரில் அம்மாவின் தண்டட்டி மூத்த மகளுக்கா, இளையவளுக்கா, மருமகளுக்கா என்று வரும் சண்டை மாதிரிதான் இதுவும். ஆனால் இங்கே எதிரில் நின்றது இந்திய அரசு. 1951-ல் பிரதாப் சிங்கிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்டு, முதல் மனைவியின் மகன் ஃபதேசிங்ராவிடம் கொடுக்கப்பட்டது. 1956-ல் சீதா தேவியும் பிரதாப் சிங்கும் பிரிந்தார்கள்.

பாரிஸ் பட்டறையில் நடந்தது என்ன?

சீதா தேவி கடைக்குப் போய் ரெடிமேட் நகை வாங்கும் ஆள் இல்லை. பரோடா கற்களைக் கையோடு கொண்டுபோவார். பாரிஸின் வான் க்ளீஃப் அண்ட் ஆர்பல்ஸ் நிறுவனத்தில் கொடுத்துப் புதிய வடிவில் பதிக்கச் சொல்வார். நம் ஊரில் பழைய தங்கத்தை ஆசாரியிடம் கொடுத்துப் புது டிசைன் செய்யச் சொல்கிற அதே பழக்கம்தான்.

1950-ல் அப்படிச் செய்யப்பட்டதுதான் அவருடைய புகழ்பெற்ற மரகத நெக்லஸ். தாமரை வடிவில் வைரம் பதித்து, 13 மரகதங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். நகை உலகில் இன்றைக்கும் 'இந்து நெக்லஸ்' என்றால் அதுதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த மாதிரி நிறுவனங்கள் நகையின் பின்பக்கம் தங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் பொறிக்கும். பிரான்ஸில் 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை முத்திரை உண்டு. நகையின் படம், கற்களின் விவரம் எல்லாம் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறிவிடும். 70 வருஷம் கழித்து அந்த நகை எங்கே வெளியே வந்தாலும் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

பழைய கம்மல் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான். முத்திரை இருக்கிறதா, எண் தெரிகிறதா, இரண்டு காதுக்குமான ஜோடி ஒரே நேரத்தில் செய்ததா, திருகையோ கொக்கியையோ பிறகு மாற்றியிருக்கிறார்களா, பழைய பெட்டி கூட இருக்கிறதா? காதணியில் இது ரொம்பக் கஷ்டம். ஒன்று தொலைந்தால் ஜோடி போச்சு. மிஞ்சிய ஒன்றை மோதிரமாகவோ பதக்கமாகவோ மாற்றிவிடுவார்கள். அதனால்தான் முழு ஜோடிக்கு அவ்வளவு கிராக்கி.

கொலுசு கழுத்துக்குப் போன கதை

சீதா தேவியின் நகைகள் எல்லாமே பத்திரமாக இருக்கவில்லை. மரகதமும் வைரமும் பதித்த ஒரு ஜோடி கொலுசை 1953-ல் அமெரிக்க நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டனுக்கு விற்றார். வின்ஸ்டன் அதைப் பிரித்து நெக்லஸ் ஆக்கினார். அதை வாங்கியவர், இங்கிலாந்து மன்னர் பதவியைத் துறந்த எட்வர்டின் மனைவி, வின்ட்சர் சீமாட்டி.

1957-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருந்துக்கு சீமாட்டி அந்த நெக்லஸோடு வந்தார். எல்லோரும் அதைப் பாராட்டிக்கொண்டிருக்க, அந்தக் கற்கள் முன்பு தன் காலில் கிடந்தவை என்று சீதா தேவி போட்டு உடைத்துவிட்டாராம். கடுப்பான சீமாட்டி நெக்லஸை வின்ஸ்டனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் கதை. எடையும் கல்லும் மாறவே இல்லை. யார் போட்டிருந்தது, எங்கே போட்டிருந்தது என்ற சேதி மட்டும்தான் அன்றைக்கு அதன் மதிப்பைக் கீழே தள்ளியது.

கடைசிக் காலம்

1968-ல் பிரதாப் சிங் லண்டனில் இறந்தார். பணம் தேவைப்பட்டபோது சீதா தேவியின் நகைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 1985-ல் மகன் பிரின்ஸி இறந்தது அவரை உடைத்துப்போட்டது. நாலு வருஷத்தில், 1989 பிப்ரவரி 15-ம் தேதி, பாரிஸில் சீதா தேவியும் காலமானார்.

நகைகளின் கதை அதற்குப் பிறகும் ஓடியது. 7 சர முத்து மாலையில் மிச்சமிருந்த பெரிய முத்துக்கள் 2 சரமாகக் கோக்கப்பட்டு, அதோடு சேரும் காதணி, மோதிரம், ப்ரூச்சுடன் 2007-ல் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு வந்தன. விலை சுமார் 71 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 29 கோடி ரூபாய். முத்து விரிப்பு 2009-ல் தோஹாவில் சுமார் 55 லட்சம் டாலருக்குப் போனது. 1960-ல் பாரிஸில் அவருடைய மகனின் செல்லப் பெயர் சூட்டப்பட்ட 34.65 காரட் இளஞ்சிவப்பு கோல்கொண்டா வைரம், 2013-ல் சுமார் 3.93 கோடி டாலருக்கு விற்றது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பரோடா கருவூலத்தில் பட்டியல் எழுதி வைத்திருந்ததால்தான் நகை போன விஷயம் அம்பலமானது, மகாராஜாவின் பட்டமும் போனது. அதே மாதிரி எழுதி வைத்த வரலாறுதான் பிற்காலத்தில் அந்த நகைகளுக்கு விலையைக் கூட்டியது.

சரி, தேனி தண்டட்டிக்கு என்ன வழி?

தண்டட்டியும் பாம்படமும் சாதாரண வேலைப்பாடு இல்லை. தங்கத் தகட்டை மடித்து, உள்ளே அரக்கு வைத்து, சதுரமும் உருளையுமாகக் கோத்துச் செய்தவை. செய்யத் தெரிந்த ஆசாரிகளும் குறைந்துவிட்டார்கள், போடும் காதுகளும் குறைந்துவிட்டன. அரிதான பழைய காதணி என்று பார்த்தால் இதைவிட அரிது என்ன இருக்கிறது? அதில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். யாருடையது, யார் செய்தது என்ற எழுத்து. இப்போது வாங்கும் நகைகளில் வரும் 6 இலக்க ஹால்மார்க் எண்ணும் பழைய தண்டட்டியில் இருக்காது.

அதனால் வீட்டில் தண்டட்டி இருந்தால் எக்ஸ்சேஞ்ச் கொடுப்பதற்கு முன் செய்யக்கூடியவை இவை:

* முன், பின், பக்கவாட்டில் தெளிவாகப் போட்டோ எடுங்கள். பாட்டி அதைப் போட்டிருக்கும் பழைய படம் இருந்தால் இன்னும் நல்லது.
* யார் போட்டது, எந்த ஊர் ஆசாரி செய்தது, யாருக்கு யார் கொடுத்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.
* எடையையும் அளவையும் குறித்து வையுங்கள். அரக்கை எடுக்கவோ பாலிஷ் போடவோ அவசரப்பட வேண்டாம்.
* ஜோடியைப் பிரிக்காதீர்கள். இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கொன்று என்று கொடுத்தால் இரண்டின் மதிப்பும் குறையும்.
* 100 வருஷத்தைத் தாண்டிய கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. யாராவது வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன் என்று வந்தால் கவனம் தேவை.

எழுதி வைத்ததாலேயே தண்டட்டிக்குக் கோடிகள் வந்துவிடாது. அவசரம் என்றால் விற்கத்தான் வேண்டியிருக்கும், அதில் தப்பும் இல்லை. ஆனால் சீதா தேவி எந்த நகையை எந்த விருந்துக்குப் போட்டார் என்பது வரை உலகத்துக்குத் தெரிகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு ஜோடி தண்டட்டி போட்ட பாட்டியின் பெயர், அது உருகும் அன்றைக்கே காணாமல் போகிறது. ஒரு போட்டோவும் நாலு வரியும் இருந்தால், தங்கம் போனாலும் அந்தப் பெயர் வீட்டில் மிஞ்சும்.