கோகலே நிர்மாணித்த ஸ்தாபனம்

தேசத் தொண்டு என்பது ஓய்வு நேரத்துக்குரிய காரியம் என்று நம் நாட்டில் வெகுகாலம் எண்ணப்பட்டு வந்தது. டிசம்பர் மாத விடுமுறையில் வக்கீல்கள் காங்கிரஸ் மகாசபையில் கூடுவார்கள், தீர்மானங்கள் நிறைவேறும், கோர்ட்டு திறந்ததும் அவரவர் கட்சிக்காரர்களைக் கவனிக்கத் திரும்பிவிடுவார்கள். இவ்வழக்கத்தை மாற்றுவதற்கென்றே ஒரு ஸ்தாபனத்தை நிர்மாணித்தவர் கோபால கிருஷ்ண கோகலே. அவருடைய மிதவாத ராஜீய முறை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஸ்தாபனம் அமைப்பதில் அவர் காட்டிய கண்டிப்பை எக்கட்சியினரும் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

1866-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி ரத்னகிரி ஜில்லாவில் கோட்லுக் என்னும் கிராமத்தில் அவர் ஜனித்தார். சிறு வயதிலேயே தந்தையார் காலமாகிவிட, தமையனாரே தமது சொற்பச் சம்பளத்திலிருந்து பணம் அனுப்பிப் படிக்க வைத்தார். 1884-ல் பி. ஏ. பட்டம் பெற்ற கோகலே, புனாவில் டெக்கான் கல்விச் சங்கத்தின் ஆயுள் அங்கத்தினரானார். மாதம் 75 ரூபாய் பெற்றுக்கொண்டு 20 வருஷம் உழைப்பதாக வாக்களிப்பது அச்சங்கத்தின் முறை. பெர்குஸன் கலாசாலையில் 1902 வரையில் அவர் ஆசிரியராக இருந்தார்.

அச்சங்கத்தில் நிகழ்ந்த ஒரு பிணக்கை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஆயுள் அங்கத்தினர் வெளி வேலை எதுவும் ஏற்கலாகாது, வேறு வருமானம் தேடலாகாது என்று லோகமான்ய திலகர் வற்புறுத்தினார். கோகலேயோ சார்வஜனிக சபையின் காரியதரிசிப் பதவியை ஏற்றிருந்தார். விவாதம் முற்றியது. 1890-ல் திலகர் ராஜிநாமாச் செய்தார். அன்று எதிர்த்தரப்பில் நின்ற கோகலே, பதினைந்து வருஷங்களுக்குப் பின் தாமே ஒரு சங்கம் கண்டபோது, திலகர் கேட்ட அதே விதியை அதன் அஸ்திவாரத்தில் வைத்தார். அனுபவம் கற்பித்ததோ, மனச்சாக்ஷி கற்பித்ததோ, நாம் அறியோம். தவறிய இடத்தையே திருத்திக் கட்டினார் என்பது மட்டும் தெளிவு.

1905-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி புனாவில் இந்திய ஊழியர் சங்கம் பிறந்தது. தொடக்கத்தில் கோகலேயையும் சேர்த்து நால்வரே அங்கத்தினர். சேருவோர் ஏழு பிரதிக்ஞைகள் செய்ய வேண்டும். தேசத்தையே முதலாக நினைத்தல், சுயலாபம் கருதாமை, ஜாதி மத பேதமின்றி இந்தியர் யாவரையும் சகோதரராகக் கருதுதல், சங்கம் அளிப்பதைக் கொண்டு திருப்தியுற்றுத் தமக்கெனப் பொருளீட்டாமை, தூய வாழ்க்கை, எவரோடும் சொந்தச் சச்சரவில் இறங்காமை, சங்கத்தின் நோக்கத்துக்கு மாறானதைச் செய்யாமை என்பன அவை. ஆறாவது பிரதிக்ஞையை நம் ஊர்ச் சபைகளின் நிர்வாகிகள் ஒரு வருஷம் அனுஷ்டித்துப் பார்க்கலாம்!

பிரதிக்ஞை செய்தவுடன் மேடையேறிவிடவும் முடியாது. ஐந்து வருஷப் பயிற்சி உண்டு. அதில் மூன்று வருஷம் தலைமை நிலையத்தில் வாசம். இரண்டு வருஷம் தேச சஞ்சாரம். வரவு செலவுத் திட்டத்தைப் படித்து அலசத் தெரியாதவன் சர்க்காரைக் கண்டிக்கத் தகுதியற்றவன் என்பது கோகலேயின் எண்ணம். சட்டசபையில் அவர் நிகழ்த்திய பட்ஜெட் பிரசங்கங்களே அதற்குச் சான்று. ஆள் தொகையைப் பெருக்குவதில் அவருக்கு ஆசையில்லை. ஆனால் சேர்ந்தவர்களின் தரத்தைப் பாருங்கள்: தேவதார், என். எம். ஜோஷி, தக்கர் பாபா, நம் தமிழ் நாட்டிலிருந்து 1907-ல் சேர்ந்த வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். தொழிலாளர், பழங்குடியினர், ஸ்திரீ கல்வி என்று ஒவ்வொருவரும் ஒரு துறையைப் பற்றி நின்றனர்.

குறையும் இருந்தது. ஆங்கில சம்பந்தத்தை அங்கீகரிக்கும் கொள்கை சங்கத்தின் பிரகடனத்திலேயே இடம்பெற்றது. முதல் அங்கத்தினரான கோகலேயிடம் அதிகாரம் மிகுதியும் குவிந்திருந்தது. அவருள்ள வரையில் அது பாரமாகத் தெரியவில்லை.

சோதனை 1915-ல் வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் சங்கத்தில் சேர விரும்பினார். கோகலேக்கும் அதில் பேராசை. ஆனால் அங்கத்தினர் பலர் தயங்கினர். காந்தியடிகளின் கொள்கையும் முறையும் சங்கத்தின் போக்குக்கு வெகு தூரம் என்றனர். தலைவரின் பிரியத்துக்காகக் கண்ணை மூடிக் கையெழுத்திடாத சீடர்களை அவரே பயிற்றுவித்திருந்தார் அல்லவா! ஒரு வருஷம் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்று காந்தியடிகளிடம் கோகலே கேட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் முடிவதைக் காண அவர் இருக்கவில்லை. பிப்ரவரி 19-ந் தேதி, 48-வது வயதில் காலமானார். சாஸ்திரியார் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கத்தினரிடையே பிளவு நேரக் கூடாதென்று காந்தியடிகள் தமது விண்ணப்பத்தைத் தாமே வாபஸ் பெற்றார். தயங்கியவர்களை நாம் குறை கூறமாட்டோம். அவ்வளவு பெரிய ஆற்றலை அச்சிறு பாத்திரம் தாங்கியிராது. அவ்வருஷம் மே மாதம் 25-ந் தேதி ஆமதாபாத்தின் அருகே கோச்ரப்பில் காந்தியடிகள் தமது ஆசிரமத்தைத் திறந்தார். அங்கும் சேருவோருக்குப் பிரதிக்ஞைகள் வகுக்கப்பட்டிருந்தன.