வள்ளலார் நெஞ்சில் நின்றவை

தேர்வுக்கு முதல்நாள் இரவு படித்த பாடம் தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. ஆனால் சிறு வயதில் கண்ட ஒரு துயரக் காட்சி ஆண்டுகள் பல சென்றும் அழிவதில்லை. இது ஏன்? நம் மாவட்டம் ஈன்ற இராமலிங்க அடிகளின் வாழ்க்கை இதற்கு நல்லதொரு விளக்கமாகும்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாக அடிகள் தோன்றினார். ஐந்து மாதக் குழந்தையாய்த் தில்லைக்கு எடுத்துச் செல்லப்பட்டபோது, சிதம்பர இரகசியத்தின் திரை விலகியதும் வாய்விட்டுச் சிரித்தார் என்பர். திரை தூக்கக் கண்ட அக்காட்சியைப் பிற்காலத்தில் அடிகளே பாடியுள்ளார். மூன்று வயதுக்கு முற்பட்டவை பெரும்பாலோர்க்கு நினைவில் நிற்பதில்லை என்பது உளவியலார் முடிவு. அடியவர்கள் இதனை அருள் என்பர். வீட்டார் சொல்லக் கேட்டு மனத்தில் ஊன்றியது என்றும் கொள்ளலாம். எவ்வாறாயினும் அந்தத் திரை அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

சென்னையில் வளர்ந்த அடிகள், பின்னர்த் தென்னாற்காட்டுக்குத் திரும்பி, வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். திருவருட்பாவின் ஆறாம் திருமுறையிலுள்ள பிள்ளைப் பெருவிண்ணப்பம் அவருடைய நினைவுகளின் களஞ்சியம் எனலாம். காக்கை கூவியதற்குக் கலங்கியது, ஒருவர் உரத்துப் பேசியதற்கு நடுங்கியது, வீடுதோறும் இரந்தும் பசி தீராதவரைக் கண்டு பதைத்தது என யாவும் அதில் உள்ளன. வாடிய பயிரையும் பாடினார். அது எந்த ஊர் வயல், எந்த ஆண்டு என்று அப்பாடலில் குறிக்கவில்லை.

உள்ளம் அசையும்போது மூளையின் அமிக்டலா என்னும் பகுதி அந்நிகழ்ச்சியை ஆழப் பதியச் செய்கிறது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. கவனம் ஊன்றிய இடம் நிலைக்கிறது, சுற்றியிருந்தவை மங்குகின்றன. பயிர் நின்றது, ஊர் மறைந்தது.

பசித்தவரை நாமும் பார்க்கிறோம். பேருந்து வந்ததும் மறந்துவிடுகிறோம். அடிகள் மறக்கவில்லை. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையா அடுப்பாகப் போற்றப்படுகிறது. 1872-இல் எழுந்த சத்திய ஞானசபையில் ஏழு திரைகளை அமைத்தார். தில்லையில் விலகிய திரையை அவை நினைவூட்டுகின்றன அல்லவா? 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார்.

நண்பர்களே! நினைவாற்றல் வேண்டுமென்று ஏங்குகிறோம். எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.